முக்தி இல்லம் கண்ட பண்டித ரமாபாய்

புனே நகரிலிருந்து சோலாப்பூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை ஹடப்சரைக் கடந்து, மாஞ்சரி, லோணி, உருளி, யவத் எனச் சிற்றூர்களின் வழியே தௌண்டு சந்திப்பை அடைகிறது. கோடை விடுமுறையில் தமிழகம் செல்லும் குடும்பங்கள் ஏறும் சென்னைத் தொடர்வண்டியும் இவ்வழியே ஓடுகிறது. தௌண்டுக்குச் சற்று முன்னதாக, புனேயிலிருந்து சுமார் 55 கி.மீ. தொலைவில் கேட்காவ் என்னும் சிறு நிலையம் உள்ளது. பல விரைவு வண்டிகள் அங்கே நிற்பதில்லை. சன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள் பெயர்ப்பலகையைப் படித்து முடிக்கும் முன்பே நிலையம் பின்னால் போய்விடும். ஆயினும் 1900ஆம் ஆண்டளவில் அச்சிற்றூரில் ஏறத்தாழ 2000 பெண்களும் சிறுமியரும் ஒரே குடும்பமாக வாழ்ந்தனர். பஞ்சத்தால் பெற்றோரை இழந்தவர்கள், இளமையிலேயே கைம்மை எய்தியவர்கள், பார்வையற்றவர்கள், உறவினரால் கைவிடப்பட்டவர்கள் ஆகிய அனைவரும் அக்குடும்பத்தில் அடக்கம். அக்குடும்பத்தின் தாயாக விளங்கியவர் பண்டித ரமாபாய் அம்மையார்.

தந்தையின் இல்லம்

ரமாபாய் 1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கருநாடக மாநிலத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டில், கங்காமூலா என்னும் இடத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, வடமொழியில் ஆழ்ந்த புலமை பெற்ற மராத்திய அந்தணர். அவர் இளமையில் புனேயில் கல்வி கற்றவர். அவருடைய ஆசிரியர் பேஷ்வாவின் அரண்மனைக்குச் சென்று அரச குலப் பெண்ணொருவருக்கு வடமொழி கற்பித்து வந்தார். ஆசிரியருடன் சென்ற மாணவர் அனந்தர், ஒரு பெண் பிழையின்றி வடமொழிச் செய்யுள் ஓதுவதைக் கேட்டு வியந்தார். தம் மனைவிக்கும் அவ்வாறே கற்பிக்க வேண்டும் என்று அன்றே உறுதி பூண்டார்.

அவ்வுறுதி எளிதில் நிறைவேறவில்லை. பெண்களுக்கு வடமொழி கற்பிப்பது முறையன்று என்று அக்காலத்தில் பலரும் கருதினர். அனந்தரின் உறவினர் எதிர்த்தனர். உடுப்பியில் கூடிய சமயப் பெரியோர் அவையின் முன்னும் அவர் தம் செயலுக்கு விளக்கம் கூற நேர்ந்தது. நூல்களிலிருந்து சான்றுகளைத் திரட்டிக் காட்டித் தம் தரப்பை நிலைநாட்டிய அவர், ஊர்ப்பேச்சிலிருந்து விலகிக் காட்டில் குடியேறினார். அங்கே தம் மனைவி இலட்சுமிபாய்க்குக் கற்பித்தார். தம்மை நாடி வந்த மாணவர்களுக்கு உணவும் உறையுளும் தந்து கற்பித்தார். ஆற்றின் தலைப்பிடமாகிய அத்தலத்திற்கு வரும் யாத்திரிகர்களையும் உபசரித்தார். வந்தவர் எவரையும் பசியோடு அனுப்பாத அவ்வீட்டின் செல்வம் விரைவில் கரைந்தது, கடன் பெருகியது. ரமாபாய் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் காட்டை விட்டு வெளியேறியது. குழந்தையைப் பிரம்புப் பெட்டியில் வைத்துச் சுமந்து சென்றனர்.

அன்று முதல் நாடோடி வாழ்க்கை. தலங்கள்தோறும் தங்கிப் புராணம் படித்து, கேட்போர் மனமுவந்து அளிப்பதைக் கொண்டு குடும்பம் வாழ்ந்தது. பள்ளிக்கூடம் என்பதை ரமாபாய் அறியவில்லை. விடியுமுன்னரே தாய் அவரை எழுப்பி, மடியில் இருத்தி, அன்றைய பாடத்தைக் கற்பிப்பார். வீட்டு வேலைகள் தொடங்குமுன் தாய்க்குக் கிடைத்த ஓய்வு அது ஒன்றே. இவ்வாறு கற்றே பாகவத புராணத்தை அவர் மனப்பாடம் செய்தார். மூத்த மகளுக்குச் சிறு வயதில் மணம் முடித்தது துன்பத்தில் முடிந்ததால், இளைய மகளை அவ்வாறு மணம் செய்து கொடுப்பதில்லை என்று தந்தை தீர்மானித்தார். அக்காலத்தில் அது ஊரார் பழிப்புக்கு உரிய தீர்மானம்.

பஞ்சம்

1870களில் சென்னை மாகாணத்தின் பகுதிகளில் வறட்சி நிலவியபோது இக்குடும்பம் அங்கேதான் அலைந்துகொண்டிருந்தது. தமிழகத்து முதியோர் நினைவில் நெடுங்காலம் நின்ற தாது வருடப் பஞ்சம் 1876இல் தொடங்கியது. அதற்கு முன்னரே இவர்களின் வாழ்வில் பஞ்சம் புகுந்துவிட்டது. கையிருப்புத் தீர்ந்தது. நகைகளும் நல்லாடைகளும் பாத்திரங்களும் விலையாயின. உழைத்துப் பிழைக்கவோ பிச்சை எடுக்கவோ அவர்கள் பழகியிருக்கவில்லை. புலமை ஒன்றே அவர்களின் தொழில். மக்கள் சோற்றுக்கு அலையும் நாளில் புராணம் கேட்க வருபவர் யார்? ஒரு கட்டத்தில் காட்டில் இலைகளையும் காட்டுக் கனிகளையும் தின்று உயிர் தாங்கினர்.

1874இல் தந்தை இறந்தார். சில வாரங்களில் தாயும் இறந்தார். தாயின் உடலைச் சுடுகாட்டிற்குச் சுமந்து செல்ல ஆள் கிடைக்கவில்லை. இரக்கம் கொண்ட அந்தணர் இருவர் முன்வந்தனர். அண்ணன் சீனிவாசர் மூன்றாமவர். நான்காவது தோள் வேண்டுமே! ரமாபாயே அதற்கு முன்வந்தார். மற்றவர்களைவிட உயரம் குறைந்தவராதலின், பாடையின் ஒரு முனையைத் தோளில் தாங்க இயலாமல் தலையில் தாங்கிச் சென்றார். அப்போது அவருக்கு வயது பதினாறு. சில மாதங்களில் தமக்கையும் மறைந்தார்.

எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே ஆயிரக்கணக்கான மைல்கள் நடந்து இந்தியாவின் வடபகுதி முழுவதும் திரிந்தனர். பஞ்சாபில், ஜீலம் ஆற்றங்கரையில், போர்வையின்றிக் குளிர் தாங்க முடியாமல் மணலில் குழி தோண்டி, தலை மட்டும் வெளியே தெரியும்படி உடலை மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்தனர். பிற்காலத்தில் பஞ்சத்தால் வாடிய சிறுமியரைக் கண்டபோது அம்மையாரால் ஏன் அமைதியாக இருக்க முடியவில்லை என்பதை அறிய விரும்புவோர் இந்த ஆண்டுகளை நினைவிற்கொள்ள வேண்டும்.

பண்டிதை

1878இல் இருவரும் கல்கத்தாவை அடைந்தனர். இருபது வயதுப் பெண் வடமொழியில் தங்குதடையின்றிப் பேசுவதையும் செய்யுள் இயற்றுவதையும் கண்ட அந்நகரப் புலவர்கள் வியந்து, பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டங்கள் வழங்கினர். பிரம்ம சமாசத் தலைவர் கேசவ சந்திர சென் அவருக்கு வேத நூல் ஒன்றை அளித்து அதனைப் படிக்கத் தூண்டினார். வங்காளத்தின் ஊர்களில் பெண் கல்வி குறித்து அவர் சொற்பொழிவாற்றினார்.

1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில் விபின் பிகாரி மேதாவி என்னும் வங்காள வழக்கறிஞரை ரமாபாய் மணந்தார். இருவரும் வெவ்வேறு சாதியினர், வெவ்வேறு மொழியினர். சமயச் சடங்குகள் இன்றிப் பதிவுத் திருமணமாக அது நடைபெற்றது. அசாமிலுள்ள சில்சார் நகரில் அவர்கள் இல்லறம் நடத்தினர். கணவரின் புத்தகங்களுக்கிடையே வங்க மொழியிலிருந்த லூக்கா நற்செய்தி நூல் ஒன்றை ரமாபாய் கண்டெடுத்துப் படித்தார். கிறித்தவ சமயத்தோடு அவருக்கு நேர்ந்த முதல் நெருக்கமான அறிமுகம் அதுவே. 1881 ஏப்ரலில் மகள் பிறந்தாள். மனோரமா எனப் பெயரிட்டனர். குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள், 1882 பிப்ரவரியில், வாந்திபேதி நோயால் கணவர் காலமானார். இருபத்து மூன்று வயதில் ரமாபாய் கைம்பெண்ணானார்.

கைக்குழந்தையோடு அவர் தம் முன்னோர் மொழி வழங்கும் புனேக்கு வந்தார். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே, அவர் மனைவி ரமாபாய் ரானடே முதலிய சீர்திருத்தவாதிகள் வரவேற்றனர். பெண்களின் முன்னேற்றத்திற்காக ஆரிய மகிளா சமாசம் என்னும் அமைப்பை அவர் தொடங்கினார். அவ்வாண்டு கல்வி நிலையை ஆராய வந்த ஹண்டர் குழுவின் முன் சான்று கூறினார். பெண்களுக்குக் கற்பிக்கப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் வேண்டும் என்றும், ஆண் மருத்துவரிடம் நோயைச் சொல்லக் கூசும் பெண்கள் பலர் மடிகின்றனர், ஆதலால் பெண்கள் மருத்துவம் கற்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். தாமே மருத்துவம் கற்கவும் விரும்பினார். பெண்களுக்கான அறநெறி நூல் ஒன்றை மராத்தியில் எழுதி, அதன் வருவாயைக் கொண்டு 1883இல் மகளுடன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

திருமுழுக்கு

இங்கிலாந்தில் வாண்டேஜ் என்னும் ஊரில் தூய மரியன்னை சபையின் அருட்சகோதரியர் தாய்க்கும் மகளுக்கும் இடம் அளித்தனர். இலண்டனை அடுத்த ஃபுல்லாமில் அச்சகோதரியர் நடத்திய இல்லம் ஒன்றைக் காணும் வாய்ப்பு ரமாபாய்க்குக் கிட்டியது. சமுதாயம் ஒதுக்கிய பெண்களைச் சகோதரியர் வெறுப்பின்றி அரவணைத்து, நோய் தீர்த்து, தொழில் கற்பித்து, புது வாழ்வு தந்தனர். தம் நாட்டில் அத்தகைய பெண்களுக்குத் தண்டனையும் பழியுமே கிடைப்பதைக் கண்டிருந்த அவருக்கு இது புதுமையாகத் தோன்றியது. ஏன் இவ்வாறு செய்கின்றீர்கள் என்று அவர் வினவியபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசிய நிகழ்ச்சியை ஒரு சகோதரி எடுத்துரைத்தார். தத்துவ நூல்கள் பலவற்றைக் கற்ற அவரை அந்த எளிய கதையும் அந்த இல்லமும் ஈர்த்தன. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் அவரும் மனோரமாவும் திருமுழுக்குப் பெற்றனர்.

சமயம் மாறினாலும் அவர் தம் சிந்தனையை எவரிடமும் அடகு வைக்கவில்லை. புடைவையையும் மரக்கறி உணவையும் விடவில்லை. திருச்சபைக் கோட்பாடுகளில் தமக்கு விளங்காதவற்றை விளங்கியதாகச் சொல்ல மறுத்தார். சிலுவையில் இலத்தீன் சொற்கள் ஏன் இருக்க வேண்டும், இந்தியப் பெண்ணுக்கு வடமொழிச் சொற்கள் பொருந்தாவோ என்று கேட்டார். பணிவைப் பெரிதாகக் கருதிய சகோதரியர்க்கு இக்கேள்விகள் வருத்தம் அளித்தன. மனோரமாவை எவ்வாறு வளர்ப்பது என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்தது. மகளின் சமயக் கல்வியைத் தாயே தீர்மானிக்க வேண்டும் என்பதில் ரமாபாய் உறுதியாக நின்றார். எனினும் அன்பு அறுபடவில்லை. சகோதரியருடன் அவருடைய கடிதப் போக்குவரத்துப் பல்லாண்டுகள் தொடர்ந்தது.

செவித்திறன் குன்றியமையால் மருத்துவக் கல்வி கைகூடவில்லை. செல்ட்டன்ஹாம் மகளிர் கல்லூரியில் கற்றுக்கொண்டே வடமொழி கற்பித்தார். 1886இல் அமெரிக்காவிலுள்ள ஃபிலடெல்ஃபியா நகருக்குச் சென்றார். உறவினரான ஆனந்திபாய் ஜோஷி அங்கே மருத்துவப் பட்டம் பெறும் விழாவைக் காணவே சென்ற பயணம் அது. ஆனால் அந்நாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தங்க நேர்ந்தது. இந்திய உயர்சாதிப் பெண்களின் நிலையை விளக்கி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஊர் ஊராகச் சென்று பேசினார். விளையாட்டு வழியே குழந்தைகளுக்குக் கற்பிக்கும் மழலையர் பள்ளி முறையைக் கற்றார். அவர் தொடங்கவிருந்த பள்ளிக்குப் பத்து ஆண்டுகள் பொருளுதவி அளிக்க பாஸ்டன் நகரில் 1887இல் ஒரு சங்கம் உருவாயிற்று. இக்காலத்தில் சிறுமி மனோரமா பெரும்பகுதி இங்கிலாந்தில் சகோதரியரிடம் வளர்ந்தாள். பிறர் பிள்ளைகளுக்காகத் தாய் தம் பிள்ளையைப் பிரிந்திருந்த ஆண்டுகள் அவை.

திறந்த கதவு

1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் சாரதா சதன் தொடங்கப்பட்டது. முதலில் சேர்ந்தவர்களுள் ஒருவர் கோதுபாய் என்னும் இளம் கைம்பெண். பின்னாளில் அவரை மணந்தவர், மகளிர் பல்கலைக்கழகம் கண்ட தோண்டோ கேசவ கார்வே. தமிழகத்தில் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் கைம்பெண்களுக்கு இல்லம் தொடங்கியது 1912இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்திற்கு முன்னரே இங்கே கைம்பெண்கள் எழுத்தும் கணக்கும் கற்கத் தொடங்கினர் என்பது எண்ணத்தக்கது.

1890இல் சாரதா சதன் புனேக்கு மாற்றப்பட்டது. அக்காலத்தில் கைம்பெண்களின் தலைமுடி மழிக்கப்பட்டது. அவர்கள் நல்லுணவு உண்ணவோ மங்கல நிகழ்ச்சிகளில் முன்னே வரவோ இயலாது. சதனில் அவர்கள் முடி வளர்த்தனர், சிரித்தனர், தோட்டத்தில் விளையாடினர். எவருடைய சமய வழக்கத்திலும் தலையிடுவதில்லை என்பது சதனின் விதி. அவரவர் தத்தம் முறைப்படி உண்ணலாம், வழிபடலாம். புனேயின் இந்துப் பெரியோர்கள் ஆலோசனைக் குழுவில் இருந்ததும் அந்த விதியை நம்பியே.

சிக்கல் ஓர் அறைக் கதவிலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு நாள் காலையிலும் ரமாபாய் தம் அறையில் மகளோடு அமர்ந்து விவிலியம் படித்துச் செபித்தார். அது ஒரு குடும்பத்தின் வழிபாடு. ஆனால் அவர் கதவைச் சாத்துவதில்லை. அவர் மீது பற்றுக்கொண்ட மாணவியர் சிலர் தாமாகவே வந்து அமரலாயினர். நாளடைவில் வருவோர் எண்ணிக்கை கூடியது. செய்தி நகரில் பரவியது.

இங்கே இரு தரப்பினரின் நிலையையும் அறிதல் வேண்டும். தம் வீட்டுப் பெண்களைக் கல்விக்காக அனுப்பிய குடும்பங்கள், அவர்கள் சமயம் மாறிவிடுவார்களோ என அஞ்சின. வாக்குறுதி மீறப்பட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. ரமாபாயின் நிலையோ வேறு. தாம் எவரையும் அழைக்கவில்லை, வற்புறுத்தவில்லை. ஆயின் தம் சொந்த அறையில் தம் இறைவனை ஒளிந்து வழிபடவும் இயலாது, விரும்பி வருபவரை விரட்டவும் இயலாது என்று அவர் கருதினார். ஓர் அன்னை தன் நம்பிக்கையைத் தன் வீட்டுக்குள்ளேயே மறைக்க வேண்டுமானால் அது வீடாகாது என்பது அவர் எண்ணம். திலகரின் கேசரி இதழ் கடுமையாகக் கண்டித்தது. 1893இல் ரானடேயும் பண்டார்க்கரும் ஆலோசனைப் பொறுப்பிலிருந்து விலகினர். ஏறத்தாழ இருபது மாணவியரை அவர்களுடைய உறவினர் அழைத்துச் சென்றனர். கதவைச் சாத்தியிருந்தால் நண்பர்களையும் மதிப்பையும் இழந்திருக்கமாட்டார். அவர் சாத்தவில்லை. எஞ்சிய மாணவியரோடு பணி தொடர்ந்தது.

கேட்காவின் வயல்வெளி

அமெரிக்கச் சங்கத்தின் உதவி பத்து ஆண்டுகளில் முடியும் என்பதை உணர்ந்த அம்மையார், இல்லம் தன் காலிலேயே நிற்க வேண்டும் என எண்ணிக் கேட்காவில் ஏறத்தாழ 100 ஏக்கர் நிலம் வாங்கினார். கிணறுகள் வெட்டப்பட்டன, பழமரங்கள் நடப்பட்டன. மழை குறைந்த பகுதி அது. தண்ணீர் கிடைக்குமா என்று ஐயுற்றோர் பலர்.

மரங்கள் வளருமுன் பஞ்சம் வந்துவிட்டது. 1896–97இல் மத்திய மாகாணத்தில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். ஆதரவற்ற சிறுமியரைத் தீயோர் ஏமாற்றி அழைத்துச் செல்வதாகவும் செய்திகள் வந்தன. அம்மையார் நேரில் சென்றார். எலும்பும் தோலுமாக நின்ற சிறுமியரைக் கண்டபோது, இருபது ஆண்டுகளுக்கு முன் இலைகளைத் தின்று உயிர் வாழ்ந்த குடும்பம் அவர் கண்முன் வந்தது. இல்லத்தில் இடமில்லை, கையில் போதிய பொருளில்லை என்பதை எண்ணிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. நூற்றுக்கணக்கான சிறுமியரை அழைத்து வந்தார்.

அழைத்து வந்தவர்களை எங்கே தங்க வைப்பது? புனேயில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நகர எல்லைக்குள் புதியவர்களைக் கூட்டமாகத் தங்கவைக்க அதிகாரிகள் தடை விதித்தனர். எனவே சிறுமியர் கேட்காவ் நிலத்திற்கு அனுப்பப்பட்டனர். கொட்டகைகளிலும் மர நிழலிலும் முதல் நாள்கள் கழிந்தன. பசியால் நலிந்த உடல்களுக்குச் சிறிது சிறிதாகவே உணவு கொடுக்க வேண்டியிருந்தது. பலருக்குப் புண்கள், சிலருக்குக் காய்ச்சல், ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு உணவைப் பறித்தவர்களும் உண்டு. சாரதா சதனில் கற்றுத் தேறிய கைம்பெண்கள் இப்போது தாய்மாராயினர். அவர்கள் சிறுமியரைக் குளிப்பாட்டினர், தலைவாரினர், அருகில் படுத்து உறங்கவைத்தனர். தீட்டு என்று விலக்கப்பட்ட பெண், சாதி அறியாத குழந்தையை மடியில் கிடத்தினாள்.

கொள்ளைநோய்க் காலத்தில் அரசின் மருத்துவ முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட முறையை அம்மையார் செய்தித்தாளில் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அது இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை எட்டியது. ஆங்கிலேயர் சமயத்தைத் தழுவியவர் ஆங்கிலேய ஆட்சிக்கு அடங்கியிருப்பார் என்று எண்ணியவர்களுக்கு அது வியப்பாக இருந்திருக்கும். 1889ஆம் ஆண்டிலேயே பம்பாய்க் காங்கிரசு மாநாட்டில் கலந்துகொண்ட மிகச் சில பெண் பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர்.

கேட்காவ் இல்லம் முக்தி எனப் பெயர் பெற்றது; விடுதலை என்பது அதன் பொருள். 1899இல் ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1900இல் குசராத்தில் பெரும்பஞ்சம் தோன்றியபோது மேலும் ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் அழைத்து வரப்பட்டனர். அப்போதுதான் குடும்பத்தின் எண்ணிக்கை 2000ஐ நெருங்கியது. ஏறத்தாழ இதே காலத்தில், 1901இல், திருநெல்வேலிச் சீமையின் தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஆதரவற்ற சிறுமியருக்கு இல்லம் தொடங்கினார். மராத்திய நாட்டிலும் தமிழ்நாட்டிலும் ஒரே காலத்தில் இரு பெண்கள் ஒரே வகைத் தொண்டில் இறங்கினர்.

முக்தியில் தொண்டு என்பது சோறு போடுவதோடு முடியவில்லை. பெண்கள் நெசவு நெய்தனர், செக்கில் எண்ணெய் ஆட்டினர், பால்பண்ணை நடத்தினர், தைத்தனர், வயலில் உழைத்தனர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தனர். இரந்து பெறாமல் உழைத்து உண்பதை ஒவ்வொருவரும் கற்க வேண்டும் என அம்மையார் விரும்பினார். உழைக்கத் தெரியாமையால் தம் பெற்றோர் மடிந்ததை அவர் மறக்கவில்லை போலும். வழிதவறிய பெண்களுக்குக் கிருபா சதனும், முதியோர்க்கும் நலிந்தோர்க்கும் பிரீதி சதனும், பார்வையற்றோர்க்குத் தனி இல்லமும் அமைந்தன. அமெரிக்காவில் கல்வி கற்றுத் திரும்பிய மனோரமா, பார்வையற்ற சிறுமியர்க்குப் புள்ளி எழுத்து முறையைக் கற்பித்தார்.

ஆலயத்தில் எந்தத் திருச்சபைப் பிரிவின் பெயரும் எழுதப்படவில்லை. ஆங்கிலிக்கன், மெதடிசுடு என்னும் பாகுபாடுகள் மேலைநாட்டுச் சண்டைகளிலிருந்து வந்தவை, இந்தியப் பெண்கள் அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை என்பது அம்மையாரின் கருத்து. காலைச் செபம் முடிந்ததும் அதே பெண்கள் தறிக்கும் அடுக்களைக்கும் நோயாளர் படுக்கைக்கும் சென்றனர். அங்கே ஆலயம் எங்கே முடிந்து வீடு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

தாயும் மகளும்

மனோரமாவின் வாழ்க்கை தனியே எழுதத் தக்கது. சிறு வயதில் தாயைப் பிரிந்து கடல் கடந்து வளர்ந்த அவர், தாயின் மீது மனத்தாங்கல் கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ தாயின் வலக்கையாக விளங்கினார். பள்ளிகளை மேற்பார்த்தார், கடிதங்களுக்கு விடை எழுதினார், வேலைகளுக்கிடையே படித்துப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இளங்கலைப் பட்டமும் பெற்றார். பின்னர் ஐதராபாத் நிசாம் ஆட்சிப் பகுதியில் இருந்த குல்பர்காவில் சிறுமியர்க்கு ஒரு பள்ளி தொடங்கினார். சென்னைத் தொடர்வண்டி கடந்து செல்லும் ஊர்களுள் குல்பர்காவும் ஒன்று.

மகள் நிருவாகத்தைத் தாங்கியதால், தாய்க்கு நெடுநாள் விருப்பம் ஒன்றை நிறைவேற்ற நேரம் கிடைத்தது. அன்று வழங்கிய மராத்தி விவிலியத்தில் வடசொற்கள் மிகுந்திருந்தன. கல்லாத நாட்டுப்புறப் பெண்ணுக்கு அது விளங்கவில்லை. வடமொழியில் பட்டம் பெற்ற பண்டிதையே, வடசொற்களை நீக்கி, கிணற்றடியிலும் வயலிலும் பெண்கள் பேசும் மராத்தியில் விவிலியத்தை மொழிபெயர்க்க முற்பட்டார். அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். மூல நூலிலிருந்து நேரடியாகப் பெயர்த்தார். இப்பணிக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இதற்கிடையே 1919இல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-இந்த் பதக்கம் அளித்தது.

தமக்குப் பின் முக்தியை மனோரமா நடத்துவார் என்றே அம்மையார் நம்பியிருந்தார். ஆனால் 1921 சூலை 24ஆம் நாள் மனோரமா மறைந்தார். நாற்பதே வயது. பெற்றோர், தமக்கை, அண்ணன், கணவர் என ஒவ்வொருவராக இழந்தவர், இறுதியில் ஒரே மகளையும் இழந்தார். அதன் பின்னும் மொழிபெயர்ப்பின் அச்சுத் தாள்களைத் திருத்தும் வேலையை அவர் விடவில்லை. உடல் தளர்ந்துகொண்டே வந்தது. வேலையை முடித்துவிட்டு, 1922 ஏப்ரல் 5ஆம் நாள் காலமானார்.

முழு விவிலியம் 1924இல் வெளிவந்தது. அதனை அச்சிட்டது முக்தியின் சொந்த அச்சுக்கூடம். எழுத்துக் கோத்தவர்களும், தாள்களை மடித்தவர்களும், தைத்துக் கட்டியவர்களும் அவ்வில்லத்துப் பெண்கள். பஞ்சக் காலத்தில் கேட்காவுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களில் மிகப் பலருக்குத் தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது.